படம் இருக்கிறது, பெயர் எங்கே?



சிங்கப்பூரில் ஒரு தமிழர் வீட்டில் பழைய படங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். துணி அலமாரியின் மேல்தட்டில், ஒரு பிஸ்கட் டின்னில். டின் துருப்பிடித்திருக்கும். மூடியைத் திறக்கக் கரண்டிக்காம்பு வேண்டும். உள்ளே கல்யாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள், யாரோ ஒருவர் கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து வைத்து நிற்கும் ஸ்டூடியோ படம், ஓரம் கிழிந்த அடையாள அட்டைப் படம். கம்பத்து வீட்டிலிருந்து ஈரறை வீட்டுக்கும், அங்கிருந்து ஐயறை வீட்டுக்கும் அந்த டின் கூடவே வந்திருக்கும். பாட்டி இருக்கும்வரை அதற்கு ஒரு மரியாதை உண்டு. பாட்டி மறைந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வீட்டைக் காலி செய்யும் நாள் வரும். கட்டில் ஒருவருக்கு, தையல் இயந்திரம் ஒருவருக்கு. டின்னை எடுத்துப் பார்ப்பார்கள். "இவரெல்லாம் யாரு?" என்று ஒருவர் கேட்பார். யாருக்கும் தெரியாது. காராங்கூனிக்காரரின் தள்ளுவண்டி கீழே நிற்கும்.

இன்றைய பேச்சின் பொருள் அந்த டின்தான்.

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் குறைவாகவே இருப்பார்கள். 2015ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அதைத் திறந்துவைத்தார். வடஇந்தியாவின் படிக்கிணறுகளை நினைவூட்டும் முகப்பும், இருட்டியபின் கண்ணாடிக்குள் ஒளிரும் படிக்கட்டும் தேக்கா பக்கம் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த நிலையத்தில் வைக்கப்பட்ட பொருள்களில் பல, சமூகத்தினர் கொடுத்தவை அல்லது இரவலாகத் தந்தவை. தேசிய மரபுடைமைக் கழகமும் தேசிய ஆவணக் காப்பகமும் பொதுமக்களிடம் பொருள்களும் படங்களும் நினைவுகளும் கேட்பது புதிதல்ல. இப்படி ஓர் அழைப்பு வரும்போதெல்லாம் தமிழர் வீடுகளில் எழும் கேள்வியும் புதிதல்ல. "எங்க வீட்டுப் படத்துல என்ன இருக்கு? நாங்க என்ன பெரிய ஆளா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஏற்கெனவே சேகரிப்புகளில் இருக்கும் படங்களை முதலில் பார்க்க வேண்டும்.

வெளியே நின்று எடுத்த படங்கள்

படக்கருவி சிங்கப்பூருக்கு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. ஐரோப்பாவில் அந்தக் கலை 1839இல் அறிவிக்கப்பட்டது. 1843 டிசம்பரிலேயே இங்கு ஹோட்டல் நடத்திய டுட்ரோன்குவா என்பவர், படம் பிடித்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அதிகாரி ஜூல்ஸ் இட்டியே எடுத்த படம்தான் சிங்கப்பூரைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று. 1867இல் ஜெர்மானியரான ஜி. ஆர். லாம்பர்ட் இங்கு ஸ்டூடியோ திறந்தார். அவருடைய நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. சுல்தான்கள், ஆளுநர்கள், துறைமுகம், தெருக்கள் என எல்லாவற்றையும் எடுத்தது.

தமிழர்களையும் எடுத்தார்கள். மாட்டுவண்டியோடு நிற்பவர், கூடையோடு நடப்பவர், நெற்றியில் நீறு பூசியவர், மூக்குத்தியும் தண்டட்டியுமாக உட்கார்ந்திருக்கும் பெண். அவை அஞ்சலட்டைகளாக அச்சாகிக் கப்பலேறி லண்டனுக்கும் பாரிசுக்கும் போயின. இன்றும் ஏலக்கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அந்தக் கால அட்டைகளின் அடியில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? "தமிழ்ப் பெண்." "கிளிங் ஆடவர்." "கிளிங்" என்ற சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அது வசைச்சொல்லாகவே மாறியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், ஊர் இருந்திருக்கும், அந்த மூக்குத்தியைப் போட்டுவிட்ட ஓர் அம்மா இருந்திருப்பார். படத்தை வாங்கியவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

சுயாட்சிக்குப் பிறகு நிலைமை மாறியதா என்றால், பாதி மாறியது. 1962 நவம்பரிலிருந்து 1963 செப்டம்பர்வரை அன்றைய பிரதமர் லீ குவான் இயூ எல்லாத் தொகுதிகளுக்கும் சுற்றுப்பயணம் போனார். அந்தப் பயணங்களின் படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அரசாங்கப் படக்காரர்கள் கவனமாக எடுத்த படங்கள் அவை. தேதி இருக்கும், இடம் இருக்கும், தலைவரின் பெயர் இருக்கும். மாலை போட்டவரின் பெயரை எத்தனை படக்குறிப்புகளில் பார்க்க முடியும்? "குடியிருப்பாளர்கள்", "சமூகத் தலைவர்கள்" என்பதோடு நின்றுவிடுகிற குறிப்புகள்தான் மிகுதி. இதில் படக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் யாரைப் படமெடுக்க அனுப்பப்பட்டாரோ அவரைத்தான் எடுத்தார்.

தைப்பூசத்தையும் தீமிதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் சிங்கப்பூர்க் காவடிப் படங்கள் இருக்கின்றன. அலகு குத்திய முகத்தை அருகில் போய் எடுத்த படம் எத்தனையோ. அந்த மனிதர் காவடியை இறக்கிவைத்தபிறகு, தேங்க் ரோடு கோயில் மண்டபத்தில் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தை எந்த வெளிநாட்டவரும் எடுத்திருக்கமாட்டார். அது அவருடைய மைத்துனர் எடுத்த படமாகத்தான் இருக்கும். அது அந்த டின்னில்தான் இருக்கும்.

ஆக, அரும்பொருளகங்களுக்குத் தமிழர் படம் கிடைக்காமல் இல்லை. தமிழரைத் தெரிந்தவர் எடுத்த படமும், படத்தில் இருப்பவரின் பெயரும்தான் அரிது. இந்த இரண்டும் வீடுகளில் மட்டுமே கிடைக்கும். படமாவது டின்னில் பத்திரமாக இருக்கிறது. பெயர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

யாரிடம் படம் இருந்தது?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் டின் இல்லை. வணிகர்கள், அரசாங்க அலுவலகங்களில் எழுத்தராக இருந்தவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் குடும்பங்களில் ஆல்பங்கள் இருந்தன. சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910இலேயே தொடங்கிவிட்டது. அத்தகைய சங்கங்களின் ஆண்டுவிழாக்களில் வரிசையாக நாற்காலி போட்டுக் குழுப்படம் எடுக்கும் பழக்கமும் இருந்தது. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்த கூலித் தொழிலாளிக்குப் படம் என்பது செலவு. 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகப் படக்கருவிக்கு முன்னால் உட்கார்ந்தது அன்றுதான் என்று சொல்லக்கூடிய தொழிலாளர்கள் பலர் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவருடைய குடும்பத்தில் அந்தக் கட்டைவிரல் அளவுப் படம் ஒன்றுதான் மிச்சம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். அதில் முகம் மங்கித்தான் இருக்கும். அந்த மங்கலும் அந்தக் குடும்பத்தின் வரலாறுதான்.

இன்னொரு வகைப் படம் உண்டு. அதைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். சாவு வீட்டுப் படம். தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் ஒரு காலத்தில் இது சாதாரணம். இறந்தவரை மாலையிட்டுக் கிடத்தி, சுற்றி உறவினர்கள் நின்று எடுத்துக்கொள்வார்கள். ஊரில் இருப்பவர்களால் வந்து முகம் பார்க்க முடியாது. கப்பலில் ஒரு வாரத்துக்குமேல் ஆகும். படமாவது போகட்டும் என்று அனுப்பினார்கள். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் முகம் சுளிக்கலாம். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வராதவர்கூடச் சாவுக்கு வருவார். பெரியப்பா மகன், அடுத்த வீட்டு மலாய் அம்மா, கடனுக்குச் சாமான் கொடுத்த சீனக் கடைக்காரர் எனச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர்கள்கூட ஒரே சட்டத்துக்குள் நிற்பார்கள். ஒரு குடும்பமும் அதன் அண்டை அயலும் ஒருசேர நின்ற முழுமையான பதிவு பல வீடுகளில் அந்த ஒரு படம்தான். அதைக் கிழித்துப் போடாதீர்கள். பொதுவில் காட்டவேண்டாம் என்று நினைத்தால் அதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

தனியாக இங்கே வந்து உழைத்தவர்கள் ஊருக்கு அனுப்பிய படங்களும் உண்டு. நல்ல சட்டை, சில நேரம் இரவல் கோட்டு, பக்கத்தில் பூச்சாடி, பின்னால் திரையில் வரைந்த மாளிகை. "நன்றாக இருக்கிறேன்" என்று மனைவிக்குச் சொல்ல எடுத்த படம். அதனால், சிங்கப்பூரின் படங்கள் சிங்கப்பூரில் மட்டும் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், கடையநல்லூர், யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். கைப்பேசியில் படிவம் எடுத்து வந்தாலே போதும், மூலப்படம் அவர்களிடமே இருக்கட்டும்.

படத்தின் பின்னால் நிற்பது

எந்தப் படம் மதிப்புள்ளது என்று தீர்மானிப்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அமைச்சரோடு கைகுலுக்கும் படத்தைக் கொண்டுவருவார்கள். அப்பா கடை வாசலில் கைலி கட்டிக்கொண்டு நிற்கும் படத்தை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். ஆய்வாளருக்கு வேண்டியது இரண்டாவது படம்.

காரணம் எளிது. அப்பாவுக்குப் பின்னால் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் எந்த மொழி முதலில் எழுதப்பட்டிருக்கிறது, தொலைபேசி எண் எத்தனை இலக்கம், அரிசி மூட்டையின்மேல் எந்த முத்திரை, அஞ்சடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தேக்கா சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் மூலையில் 1915இல் கட்டப்பட்ட பழைய சந்தை 1982வரை இருந்தது. எதிரே புதிய கட்டடம் எழும்பியபோது அதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் கடைசிவரை தேக்கா என்றே சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வப் பெயரும் தேக்கா நிலையம் என்று மாறியது. பழைய சந்தையின் வெளித்தோற்றப் படங்கள் இருக்கின்றன. உள்ளே ஆட்டிறைச்சிக் கடை எந்த வரிசையில் இருந்தது, யார் நடத்தினார், வெற்றிலைக்காரம்மா எங்கே உட்கார்ந்தார் என்பவை, சந்தைக்குப் போனபோது யாரோ விளையாட்டாக எடுத்த படத்தில்தான் கிடைக்கும்.

லிட்டில் இந்தியாவோடு தமிழர் கதை முடிந்துவிடுவதும் இல்லை. சுற்றுலாத் துறைக்கு அது வசதியான எல்லை, அவ்வளவுதான். "லிட்டில் இந்தியா" என்ற பெயரே பின்னாளில் வந்தது. கம்போங் கப்போர் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்த தமிழர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டைச் செட்டித் தெரு என்றார்கள். அங்கிருந்த கிட்டங்கிகளில் வரிசையாகக் கணக்குமேசை போட்டுத் தரையில் அமர்ந்து வட்டித்தொழில் நடந்தது. நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய், இன்று அங்கே வானைத் தொடும் வங்கிக் கோபுரங்கள். ஒரு வகையில் தொழில் மாறவில்லை, மேசை மட்டும் உயரத்துக்குப் போய்விட்டது.

வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. அதை நம்பித் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே குடியிருந்தார்கள். 1968இல் கப்பல்பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. போர்க்கப்பல்களின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. லயன் வீடுகளின் பொதுக் குழாயடியில் நடந்த காலை நேரத்தை யார் படமெடுத்தார்?

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி அதோடு முடிவுக்கு வந்தது. தமிழிலேயே கணிதமும் அறிவியலும் படித்த அந்தக் கடைசி மாணவர்கள் இன்று அறுபதைத் தொட்டவர்கள். அவர்களுடைய வகுப்புப் படங்கள் எங்கே? வகுப்புப் படம் என்றால் பிள்ளைகள் மட்டுமல்ல. கரும்பலகையின் ஓரத்தில் அழிக்காமல் விட்ட அன்றைய பாடமும் அதில் இருக்கும்.

ஒற்றைப் பிரதியின் கதி

தமிழர்களுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. பிற்காலத்தில், 2005இல், இலங்கைத் தமிழர்கள் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்நூலகத்தைத் தொடங்கி, வீடுவீடாகத் தேடி ஆவணங்களைப் படிவமெடுத்துச் சேர்த்ததற்குப் பின்னால் அந்தத் தீயின் நினைவு இருந்தது. சிங்கப்பூரில் யாரும் கொளுத்த வரப்போவதில்லை. இங்கே ஈரக்காற்றும் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் இடமாற்றமும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

முயன்றால் முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின்கீழ், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் அழியும் நிலையில் இருந்த படங்களை மின்படிகளாக்கியது. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த 3,000க்கும் மேற்பட்ட பழைய படங்களைப் பொதுமக்கள் முன்வைத்து, "தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டது. யாரென்றே தெரியாமல் கிடந்த முகங்களுக்கும் இடங்களுக்கும் சாதாரண மக்கள் பெயர் சொன்னார்கள். சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகமும் 2015இலிருந்து அதே போன்ற ஒரு திட்டத்தை நடத்தி, படங்களுக்கு விளக்கம் எழுதத் தொண்டூழியர்களை அழைத்தது. அதே 2015இல், நாட்டின் 50ஆவது ஆண்டில், திரு அருண் மகிழ்நன் தலைமையிலான குழு ஐம்பது ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கித் தேசிய நூலக வாரியத்தின்மூலம் நாட்டுக்கு அளித்தது. எழுத்தாளர்களும் அவர்களின் குடும்பத்தாரும் நூல்களைத் தேடிக் கொடுத்ததால்தான் அது முடிந்தது. நூலுக்குக் காட்டிய அக்கறையைப் படத்துக்கும் காட்ட முடியாதா என்ன?

தயக்கங்கள்

தயக்கம் நியாயமானது. அதைத் தள்ளிவிடக்கூடாது.

முதல் தயக்கம், கொடுத்தால் திரும்பி வராது என்பது. நன்கொடை வேறு, இரவல் வேறு, படிவம் எடுக்க மட்டும் அனுமதிப்பது வேறு. எந்த வழியில் கொடுக்கிறீர்கள் என்பதை ஒப்படைக்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அரும்பொருளகம் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தேர்வு உண்டு, காத்திருப்பும் உண்டு. "எங்க அப்பா படத்த வேணாம்னுட்டாங்க" என்று மனம் நோகவேண்டாம். அந்த வீட்டாரிடம் பெயர்களோடு ஒரு நல்ல படிவம் சேர்ந்துவிட்டதே, அதுவே பாதி வெற்றி.

இரண்டாவது, உரிமை. படம் கையில் இருப்பது வேறு, அதன் பதிப்புரிமை வேறு. அப்பா எடுத்த படமென்றால் சிக்கல் குறைவு. ஸ்டூடியோக்காரர் எடுத்ததென்றால் ஸ்டூடியோவின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அட்டையின் மூலையிலோ பின்புறமோ முத்திரை இருக்கும். அந்த முத்திரையே ஆய்வாளருக்குப் புதையல், ஏனென்றால் ஸ்டூடியோ எந்தத் தெருவில் எந்தக் காலத்தில் இருந்தது என்பதைக்கொண்டு படத்தின் வயதைக் கணிக்கலாம்.

மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. படத்தில் இருப்பது இரண்டாவது மனைவியாக இருக்கலாம். தத்தெடுத்த சீனப் பெண்குழந்தையாக இருக்கலாம். குடும்பம் இன்று சொல்லிக்கொள்ளும் கதைக்கு ஒத்துவராத ஏதோ ஒன்று. அந்தக் காலத்தில் சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்துத் தமிழ்ப் பெயரிட்டு வளர்த்த இந்தியக் குடும்பங்கள் இங்கு உண்டு. பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு தமிழே தாய்மொழியாக வாழ்ந்த அந்தப் பெண்களைப் பலருக்கும் தெரியும். சிங்கப்பூரின் கதையை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? இருந்தாலும் அது அந்தக் குடும்பத்தின் முடிவு. உயிரோடு இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவருடைய பேத்தி ஒரு நாள் மாற்றிச் சொல்லலாம். அதுவரை படத்தைக் காப்பாற்றி வைப்பது மட்டுமே கடமை.

டின்னைத் திறந்தபின்

சில நடைமுறைச் செய்திகள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் வரும். மென்மையான பென்சில் போதும். பளபளப்பான தாளென்றால் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். லாமினேட் செய்யவே கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது, படத்தைப் பிளாஸ்டிக்குக்குள் புதைப்பது போன்றது. 1970களிலும் 80களிலும் எல்லா வீட்டிலும் இருந்த, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டும் "காந்த ஆல்பம்" பெரிய எதிரி. அதன் பசை படத்தைத் தின்றுவிடும். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுக்காமல், ஆல்பத்தோடு சேர்த்தே படிவமெடுங்கள். அந்தக் காலத்து வண்ணப்படங்கள் சிவந்துபோவதையும் பார்த்திருப்பீர்கள். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது, அப்பாவின் வண்ணப்படம் வெளிறிவிட்டது. ஆகவே அவசரம் எதற்கு என்றால் வண்ணப்படத்துக்குத்தான்.

படிவமெடுக்கும்போது 600 டிபிஐ அளவாவது வையுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருங்கித்தான் வந்து சேரும். நெகட்டிவ் இருந்தால் எறியவேண்டாம். புளிச்ச வாடை வந்தால் தனியாக எடுத்து வையுங்கள், அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் கேளுங்கள். பெயர், ஊர், என்ன வேலை, எந்தத் தெருவில் குடியிருந்தார். "நடுவுல உட்கார்ந்திருக்கறது உங்க பெரிய தாத்தா" என்பதோடு நிறுத்தவிடாதீர்கள். பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவரைக் கேளுங்கள். பெண்களின் பெயரைத் தனியாகக் கேளுங்கள். "முத்து பொண்டாட்டி", "கடைக்காரம்மா" என்றுதான் முதலில் வரும். கொஞ்சம் பொறுத்தால் சொந்தப் பெயர் வரும். அவர்களே கேமராவைத் தூக்கியதில்லை, பின்னால் குறிப்பும் எழுதியதில்லை, அதனால் ஆல்பத்தில் முதலில் காணாமல் போவது அவர்களுடைய பெயர்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

பழைய படங்களைப் பற்றியே இதுவரை பேச்சு. இன்று எடுக்கப்படும் படங்களும் ஒரு நாள் பழையவையாகும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் தொழிலாளர்களைப் பாருங்கள். அறந்தாங்கியிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வந்தவர்கள், பங்ளாதேஷிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. கோயில் கோபுரத்தின் முன், அலங்கார விளக்குகளின் கீழ், நண்பர்களோடு தோளில் கைபோட்டுக்கொண்டு எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் இரவல் கோட்டு போட்டு ஸ்டூடியோவில் நின்றவர் சொன்ன அதே செய்திதான். நன்றாக இருக்கிறேன்.

அரசாங்கப் பதிவிலும் செய்தி நிறுவனங்களின் களஞ்சியத்திலும் அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்தின் படங்கள் இருக்கின்றன, எரிந்த வாகனங்களோடு. 2020இல் கொவிட் காலத்தில் தங்கும் விடுதிகளின் வேலிக்குப் பின்னால் நின்ற படங்கள் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் இந்தத் தொழிலாளர்களைத் தேடினால், கையில் கிடைப்பவை அந்த இரண்டு மட்டுமாக இருந்தால் எப்படி இருக்கும்? அன்று அஞ்சலட்டையில் "கிளிங்" என்று எழுதியவருக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

அவர்களுடைய கைப்பேசி ஓராண்டில் உடையும், தொலையும், இரண்டாம் கைக்கு விற்கப்படும். வேலை அனுமதி முடிந்ததும் படமும் விமானமேறிவிடும். தமிழ் அமைப்புகளும் தொண்டூழியர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேன் ஓரமாக மேசை போட்டு, விருப்பமுள்ளவரிடம் ஐந்து படம், பெயர், ஊர், இங்கே என்ன கட்டினார் என்று கேட்டு வாங்குவது அவ்வளவு பெரிய செலவில்லை. எந்த வீவக கட்டடம், எந்த எம்ஆர்டி நிலையம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்த அன்று, தலைக்கவசத்தைக் கழற்றாமல், கட்டடத்தின் முன் நின்று அவர்கள் எடுத்த படம் அந்தக் கைப்பேசியில் இருக்கும்.

இந்த வார இறுதியில் வீட்டில் மூத்தவர் இருந்தால் அந்த டின்னை இறக்கிவையுங்கள். தேநீர் ஆறிப்போனாலும் பரவாயில்லை. ஒரு படம் போதும், முதலில். அதில் எத்தனை பேருக்குப் பெயர் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். கிடைக்காத முகம் ஒன்று இருந்தால், அதே வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பிள்ளைகள் ஈசூனிலோ பிடோக்கிலோ இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு கேம்பல் லேனுக்கு வரும்போது படத்தையும் பெயர் எழுதிய தாளையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.